குளித்த கத்திரிக்காய்

தமிழ்நாட்டில் உள்ள நாக்குகளையெல்லாம் உப்பறியும் திறமையின்படி வரிசையில் நிற்கவைத்தால் முதலில் நிற்பது தீனதயாளனின் நாக்கு. இரண்டாம் இடத்துக்குத் தகுதியான நாக்கு இன்னும் பிறக்கவில்லை. இதைச் சொன்னவன் தீனதயாளனே என்பதால் தகவலில் பிழை இருக்க வாய்ப்பில்லை.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கிறான். மரக்காணம் உப்பைக் கரைத்துத் தெளித்து, சட்டியில் மணலோடு புரட்டி, ஒரு பருப்பை வாயில் போட்டுக் கண்ணை மூடுவான். "அரை சிட்டிக கம்மி" என்று தீர்ப்பு வரும். கண்ணைத் திறக்கும்போது யாரும் கைதட்டிக்கொண்டிருப்பதில்லை என்பது மட்டும் அவனுக்கு ஒரு குறை.

இப்பேர்ப்பட்டவனுடைய விழுப்புரம் வீட்டில் உப்பு ஜாடி பரண்மேல் இருந்தது.

காரணம், மகள் தமிழ்மொழி. ஆறு வயது. மூன்று வயதில் ஒருநாள், தேனீ கொட்டியதுபோல இரண்டு கண்ணும் வீங்கி எழுந்தாள். சிறுநீரகம் சத்தைப் பிடித்துவைக்காமல் சிறுநீரோடு வெளியே விடுகிறது, மாத்திரை போட்டால் அடங்கும், சளி பிடித்தால் திரும்ப வரும், வளர வளரக் குறையலாம் என்று டாக்டர் காந்திமதி சொன்னார். அன்றிலிருந்து அவள் அம்மா புனிதாவுக்குப் பொழுது விடிவது ஒரு சின்னச் சோதனைப் பட்டையில்தான். மகளின் முதல் சிறுநீரில் அதை நனைத்துப் பார்ப்பாள். மஞ்சளாகவே இருந்தால் அன்று அடுப்படியில் பாட்டு கேட்கும். பச்சையாக மாறினால் ஜாடி பரண் ஏறும்.

ஜாடி ஏறிவிட்டால் புனிதாவுக்கும் உப்பு கிடையாது. ஒரே சட்டி, ஒரே குழம்பு.

"கொழந்த மட்டும் தனியா துன்னா அதுக்குத் தண்டன மாதிரி இருக்கும்ங்க. நானும் அதையே துன்னுட்டுப் போறேன். நாலு நாளு போனா கத்திரிக்காய்க்குன்னு ஒரு ருசி இருக்கறது நாக்குக்குத் தெரிஞ்சிடும்."

கத்திரிக்காய்க்குன்னு ஒரு ருசியாம். தீனதயாளன் மூன்று நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கடைச் சட்டையைக் கழற்றாமலே சாப்பிட உட்காருவான். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த உப்பு இருக்கும். மகள் அந்தப் பக்கம் திரும்பும்போது ஒரு தூவல்.

"உங்கம்மா இன்னா பண்ணிக்கிறா பாரு பாப்பா. கத்திரிக்காயக் குளிப்பாட்டி, தல தொவட்டி, தட்டுல ஒக்கார வச்சிக்கிறா. பவுடரு மட்டுந்தான் பாக்கி."

தமிழ்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். புனிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நகைச்சுவையிலும் இரண்டாம் இடம் காலிதான் என்று தீனதயாளன் முடிவுகட்டினான்.

மறுநாள் தட்டு வந்ததும் தமிழ்மொழி தள்ளிவிட்டாள்.

"குளிச்ச கத்திரிக்கா எனக்கு வாணாம்."

"ஒரே ஒரு வாய்டா. வெறும் வயித்துல மாத்திர போடக் கூடாது."

"பவுடரு போட்டு எடுத்தா."

புனிதா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எதுவும் கம்மியாக இல்லை. கடைசியில் உப்பு போடாத இட்லியைச் சர்க்கரையில் தொட்டு ஊட்டி, மாத்திரையை உள்ளே அனுப்பினாள்.

இத்தனைக்கும் நடுவில் தீனதயாளனுக்கு ஒரு பெருமை வாய்த்திருந்தது. அவன் கழற்றிப் போடும் கடைச் சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டால்தான் இப்போதெல்லாம் மகளுக்குத் தூக்கம் வந்தது. பக்கத்து டீக்கடை சீனுவாசனுக்கு இதுபற்றித் தினமும் விரிவான அறிக்கை போனது.

"பாத்துக்கறதெல்லாம் அவதான். ஆனா தூங்கறதுக்கு எஞ்சட்டதான் வேணும் பாப்பாவுக்கு. அப்பா வாசன! இதெல்லாம் ரத்தம்ப்பா சீனு."

"எம்பொண்ணு எம்போனத்தான் கட்டிப் புடிச்சிக்கினு தூங்குது" என்றான் சீனுவாசன், டீயை ஆற்றியபடி.

மாத்திரை ஒழுங்காகப் போயும் அந்தமுறை வீக்கம் வற்றவில்லை. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது, விழுந்த குழி எழுந்திருக்க மறுத்தது. செருப்பு நுழையவில்லை. டாக்டர் காந்திமதி எடை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கேருந்தாவது உப்பு போகுதா? உப்பால இந்த வியாதி வர்றதில்லம்மா. ஆனா வீக்கத்தை வத்த விடாது. இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம். இல்லன்னா அட்மிட் பண்ணி ஊசியிலதான் மருந்து ஏத்தணும்."

போனமுறை சேர்த்தபோது ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் இந்தக் கையிலும் அந்தக் கையிலும் தேடினார்கள். மகள் "அப்பா" என்றுதான் கத்தினாள். அப்பா வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் தீனதயாளன் விசாரணை நடத்தினான். "ஸ்கூல்ல யார்னா சிப்சு குடுத்தாங்களா? ஒன் தம்பி வந்தானே, அவன் எதனா வாங்கியாந்தானா? யாரோ ஒத்தரு பண்ற வேல, பேஜாரு நமக்கு."

மறுநாள் ஞாயிறு. துணி ஊறவைக்க உட்கார்ந்த புனிதா, கடைச் சட்டையை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள்.

"இன்னாங்க இது?"

சட்டைப் பை மட்டும் சப்பிச் சப்பி வெளுத்திருந்தது. ஓரத்தில் சின்னதாகப் பல் தடம். உள்ளே, ஈரமாய்க் கசங்கிய காகிதம். அதில் ஒரு கல் உப்புகூட மிச்சமில்லை.

அவள் திட்டியிருந்தால் தேவலை. சட்டையை அவன் மடியில் போட்டுவிட்டு வாளிக்குத் திரும்பிவிட்டாள்.

தீனதயாளன் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பா வாசனை இல்லை. மரக்காணம் உப்பு.

"பாப்பா, இங்க வா. இதுல இன்னா இருந்திச்சி?"

வீங்கிய இமைகளுக்குள்ளிருந்து தமிழ்மொழி அவனைப் பார்த்தாள்.

"பவுடரு" என்றாள். "நீ போட்டுக்கறப்ப நான் பாத்தேன்."

நகைச்சுவைத் துறையின் வல்லவன் எழுந்துபோய் பழைய பிளேடு ஒன்றைத் தேடி எடுத்தான். பையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சட்டையை இரண்டு தண்ணீரில் தானே அலசிக் காயப்போட்டான். பை இருந்த இடம் மட்டும் புதுச் சட்டைபோல அடர்நீலமாக இருந்தது.

அன்று மதியம் மூவரும் உட்கார்ந்தார்கள். ஒரே சட்டி. தமிழ்மொழியின் கண் அப்பாவின் கையை விட்டு அகலவில்லை. கை பழக்கதோஷத்தில் நெஞ்சுவரை போய், தடவிவிட்டுத் திரும்பியது. கத்திரிக்காயை வாயில் வைத்தான். முதல் நாக்கு முதல்முறையாகத் திகைத்து நின்றது.

"எப்டி இருக்கு?" என்றாள் மகள்.

"சூப்பரு."

"பொய்."

"பொய்தான்டா. ரொம்பப் பேஜாரா இருக்கு. தனியா துன்ன முடியல, நீயும் ஒரு வாய் துன்னேன்."

பாவம் பார்த்து அவள் ஒரு வாய் தின்றாள். அப்புறம், அப்பா எப்படி முழுங்குகிறான் என்று பார்ப்பதற்காகவே இன்னும் நாலு வாய்.

சாப்பிட்டதும் சட்டை கேட்டாள். தீனதயாளன் கொடுத்துவிட்டு, ஓடாத டேபிள் ஃபேனை ரிப்பேர் செய்பவன்போல வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். அவள் துழாவினாள். மோந்தாள். காலரைக் கடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல ஒண்ணுமே இல்ல."

"இல்லடா."

பிறகு சட்டையைச் சுருட்டிக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். இந்தச் செய்தி மட்டும் சீனுவாசனுக்குப் போகவே இல்லை.

ஊசி வேண்டியிருக்கவில்லை. எடை இறங்கியது, செருப்பு நுழைந்தது. பட்டை இன்னும் பச்சையில்தான் இருந்தது. ஜாடி பரணில்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் சீனுவாசன் டீயோடு வந்தபோது தீனதயாளன் கடைக்குள் சாப்பிட உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் உப்பு மூட்டை, அந்தப் பக்கம் உப்பேறிய மல்லாட்டைக் குவியல். நடுவில் டிபன் பாக்ஸ்.

"இன்னாய்யா, சட்டையில பாக்கெட்டக் காணம்?"

"ஃபேஷன்."

"ஊறுகா வேணுமா?"

"வாணாம். அசிடிட்டி."

ஒரு துண்டு கத்திரிக்காயை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். வழக்கமான தீர்ப்புக்காகச் சீனுவாசன் காத்து நின்றான். தீனதயாளன் மென்று விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்தான்.