வாழ்த்த வந்தவர்கள்

“டீயக் குடுத்துட்டு நேரா உள்ள வந்துடணும். வாயத் தொறக்கக் கூடாது,” என்று சொல்லி, சம்பங்கி மகள் மமதாவின் கையில் தட்டைத் திணித்தாள்.

முன்னறையில் மமதாவின் அண்ணன் ரூபேஷ் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தான். இஞ்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் ரேங்க் வாங்கியது மமதா. மாலை விழுந்ததோ அண்ணன் கழுத்தில்.

இந்தக் கூத்து காலையில் கேஜில் தொடங்கியது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் அந்த இரும்புக் கூண்டில் தோளோடு தோள் இடித்து நிற்கும்போது, “ரிசல்ட் வந்துடுச்சாமே தசரதா?” என்று யாரோ கேட்டார்கள்.

“வந்துச்சு. ரேங்க் வந்துகீது,” என்றார் மமதாவின் அப்பா தசரதன்.

“பையனுக்குத்தான?”

பெண்ணுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி பையனைப் பற்றி வரும். அவன் போன வருஷமும் கோட்டை விட்டவன், இந்த வருஷம் தங்கையோடு சேர்ந்து எழுதியும் கோட்டை விட்டவன். தசரதன் தலையை ஆட்டி வைத்தார். கூண்டே கைதட்டியது. ஷிப்ட் முடிந்து மேலே வருவதற்குள் செய்தி சுரங்கத்தின் எல்லா லெவலுக்கும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் பொறுத்துக்கோம்மா. அவனும் பாஸ் பண்ணட்டும், ரெண்டு பேரும் சேந்து போலாம்,” என்றார்.

“நாளைக்கு பெங்களூர்ல காலேஜ் சீட்டு எடுக்கணும் நைனா. அடுத்த வருஷம் இந்த ரேங்க் செல்லாது.”

“காலைல ரயில்ல பாதி மைன்ஸ் ஆளுங்க இருப்பாங்க. உன்னக் கூட்டிக்கினு போனா நான் மூஞ்ச எங்க வச்சிக்கறது? பேசாம பி.எஸ்சி. கணக்கு படி. உனக்குக் கணக்குதான புடிக்கும்?”

கணக்கென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், உண்மைதான். அவ்வளவு ஆழத்தில் கேஜ் சரியான லெவலில் எப்படி நிற்கிறது என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டவள் அவள். “டிரைவர் பாத்துப்பான்,” என்றார் அவர். பதிலைக் கணக்கில்தான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து இயந்திரம் படிக்கவேண்டும் என்று ஆசை. கணக்கு பிடித்த பெண் கணக்கு டீச்சராகலாம். கணக்கைக் கண்டால் வயிறு வலிக்கும் பையன் இஞ்ஜினியராக வேண்டும். என்ன நியாயமோ!

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தசரதனோடு வேலை செய்யும் தாமோதரன், அவர் மனைவி தாயம்மா, பின்னால் அந்த லைன் வீடுகளில் பாதிப் பேர்.

மமதா டீ கொடுத்துக்கொண்டே வந்தாள். தாமோதரன் தம்ளரை வாங்கியபடி, “இன்னா ரூபேஷு, எந்த பிராஞ்ச் எடுக்கப் போற?” என்று கேட்டார்.

ரூபேஷ் தரையைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்துபோயின. அவமானத்தில் அழுதுவிடுவான் போலிருந்தது.

“கம்ப்யூட்டருதான்,” என்று முந்திக்கொண்டார் தசரதன்.

“மெக்கானிக்கல், மாமா,” என்றாள் மமதா. “ரேங்க் எனக்கு வந்துச்சு. அண்ணன் பாஸ் பண்ணல. நாளைக்கு நான்தான் பெங்களூர் போறேன்.”

ரூபேஷ் மாலையைக் கழற்றினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அதை அவள் கழுத்தில் போடலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாமோதரன் டீயைக் கீழே வைத்துவிட்டு தசரதனின் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னாயே என்று கேட்கவில்லை. “மனச வுட்டுடாத தசரதா. ஆம்பளப் புள்ள, எப்பிடியும் பொழச்சிப்பான்.”

சமையலறை வாசலில் தாயம்மா சம்பங்கியின் தோளை அணைத்துக்கொண்டாள். “அழுவாத சம்பங்கி. நாம குடுத்து வச்சது அவ்ளோதான்.”

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாவு வீட்டில்தான் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லாமல் கிளம்புவார்கள். அன்றைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

தசரதனுக்கு அந்த ஆறுதல் இதமாக இருந்தது. யாரும் தன்னைக் குறை சொல்லவில்லை, எல்லாருக்கும் தன் கஷ்டம் புரிந்திருக்கிறது என்று பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். எதிரே மமதா. அவர் முகம் தெளிந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். பெற்ற பெண் ஜெயித்ததற்குத் துக்கம் கேட்டவர்களிடம் தான் கை கொடுத்து உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லா படிச்சிருக்கே என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தார்.

“காலைல நான் கூட்டிக்கினு போறேன்,” என்றான் ரூபேஷ், யார் முகத்தையும் பார்க்காமல்.

“நானும் ஸ்டேஷன் வரிக்கும்...” என்று தொடங்கினார் தசரதன்.

மமதா காலித் தம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

“நீ வர வேணாம் நைனா. என்கூட உன்னப் பாத்தாங்கன்னா, அங்கயும் நாலு பேரு ஆறுதல் சொல்ல வந்துடுவாங்க.”