பாதி பாட்டில்

தண்ணீரோடு எனக்குப் பழக்கமென்றால் குழாயில் வருவதோடு சரி. இருபது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். எங்கே ஒழுகும், எங்கே அடைக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கடல் அப்படியில்லை, அதை மூட வால்வு கிடையாது. அதனால்தான் வளைகுடாவின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் நீந்தப்போவதாக மனைவி சொன்னதும், "உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

"நம்ம கரைக்கு ஒரு படகு வேணுங்க" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தம்பி இந்தத் தண்ணீரில்தான் போனான். மீட்புப் படகு அந்தக் கரையில் மட்டும்தான் இருக்கிறது. அது வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. உடல்கூடக் கிடைக்கவில்லை. நடக்கும் முன்பே நீந்தினான் என்று வீட்டில் அவனுக்கு 'வாத்து' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சரியாகப் பாதியைக் குடித்துவிட்டு, "மீதி அக்காவுக்கு" என்று நீட்டுவான். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் முழு டம்ளர் காப்பியை நான் பார்த்ததே இல்லை.

படகு கட்டும் கம்பெனி ஒன்று வாக்குக் கொடுத்திருந்தது. யார் கையும் படாமல் இவள் நீந்திக் கரையேறினால், எங்கள் கரைக்கு ஒரு மீட்புப் படகு இலவசம். கை படுகிறதா என்று பார்க்க ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் விசிலோடு, அவளுக்குத் துணையாகப் போகும் எங்கள் வாடகைப் படகில் ஏறினார்.

"அரை மணிக்கு ஒரு தரம் விசில் அடிப்பேன். அவங்க குடிக்கற பாட்டிலைக் கயித்துல கட்டித் தூக்கிப் போடுங்க. உங்க விரல் நுனி பட்டாலும் எல்லாம் முடிஞ்சுது" என்றார். வகுப்பில் பேசியவனை முறைப்பது போலவே என்னை முறைத்தார்.

விடிந்ததும் கிளம்பினோம். என் மனைவிக்கு இடப்பக்கம் தலையைத் திருப்பித்தான் மூச்சு வாங்க வரும். மூன்று பயிற்சியாளர்கள் மாற்றப் பார்த்துத் தோற்றார்கள். பிடிவாதம் அந்தக் குடும்பச் சொத்து. அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் எங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, படகு அவளுக்கு இடப்பக்கமாகவே வந்தது. அதாவது, படகுக்கு வலப்பக்கம் அவள்.

படகில் என் கருவிப் பையும் இருந்தது. பெரிய ஸ்பானர் இரண்டு, பைப் ரெஞ்ச் ஒன்று. அது இல்லாமல் நான் கல்யாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை. அங்கேயும் ஏதாவது ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். பை அங்குமிங்கும் உருண்டதால், திசைகாட்டி வைத்திருந்த பலகைக்கு அடியில் செருகிவைத்தேன். படகோட்டி கவனிக்கவில்லை. அப்போது கரை கண்ணுக்குத் தெரிந்ததால் அவருக்குத் திசைகாட்டி தேவைப்படவில்லை.

ஐந்தாவது மணி நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. கரை மறைந்தது, போனில் சிக்னல் போனது. பிறகு அவளும் மறைந்தாள். "முள்ளைப் பாத்து ஓட்டிக்கறேன் சார்" என்றார் படகோட்டி.

விசில் அடித்தது. கைகள் தண்ணீரை அடிக்கும் சத்தம் இடப்பக்கமிருந்து வந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாளாக்கும் என்று எரிச்சலோடு பாட்டிலை இடப்பக்கம் வீசினேன். கயிறு விறைத்தது. இரண்டு முறை இழுபட்டது. பாட்டில் பாதி காலியாகித் திரும்பியது.

சொட்டு மிச்சம் வைக்காதவள் பாதி வைக்கிறாளே என்று நினைத்தேன். அடுத்த விசிலுக்கு நிரப்பிய பாட்டிலை மறுபடி இடப்பக்கம் வீசி, "ஒழுங்கா முழுசும் குடி" என்று பனிக்குள் திட்டினேன். கயிறு விறைத்தது.

"ஏங்க!" என்று வலப்பக்கமிருந்து குரல் வந்தது. "ஒரு மணி நேரமா வயிறு காயுது. எனக்குக் குடுக்கற எண்ணமே இல்லையா?"

திரும்பினேன். வலப்பக்கம் தண்ணீரில் என் மனைவியின் முகம். என் கையிலிருந்த கயிற்றை இடப்பக்கம் யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியையின் வாயிலிருந்து விசில் விழுந்தது. கயிற்றை இழுத்தெடுத்தேன். பாட்டிலில் சரியாகப் பாதி இருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அதை அவளிடம் வீசினேன். குடிக்கப் போனவள் நிறுத்தி, பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"வாத்து வந்திருக்கானா?" என்றாள். பயமே இல்லை அவள் குரலில்.

இடப்பக்கச் சத்தம் படகுக்கு அடியில் புகுந்து வலப்பக்கம் போனது. அதன்பின் இரண்டு பேர் நீந்தும் சத்தம் கேட்டது. என் மனைவி வாழ்க்கையில் முதல்முறையாக வலப்பக்கம் தலையைத் திருப்பி மூச்சு வாங்கினாள். யாரையோ பார்த்துக்கொண்டே எங்களை விட்டு விலகினாள்.

"தப்பான பக்கம் போறாங்க சார்! முள்ளு நேராத்தான் காட்டுது" என்றார் படகோட்டி.

"இங்க வா! படகோட வா!" என்று கத்தினேன்.

"இந்தப் பக்கந்தாங்க கரை! அவன் சொல்றான்!"

தான் போனது போதாதென்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. படகு வேண்டாம், எதுவும் வேண்டாம், இவள் மட்டும் வேண்டும். படகைப் பக்கவாட்டில் ஒதுக்கி அவள் அருகே விடச் சொன்னேன். குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதீங்க!" என்று அவள் அலறினாள். பிடித்த பிடியை நான் விடவில்லை. மேலே இழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை விசிலைத் தேடியெடுத்து நீளமாக ஊதினார். அவளோடு நீந்திய அந்த இன்னொரு சத்தம் நின்றுவிட்டது.

பத்து நிமிடத்தில் பனி விலகியது. வலப்பக்கம், கூப்பிடு தூரத்தில், எங்கள் கரை. படிக்கட்டில் துவாலையோடு அவள் அம்மா நின்றிருந்தார். எங்கள் படகின் முனை நடுக்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படகோட்டி திசைகாட்டியைத் தட்டினார். குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டு என் பையை வெளியே இழுத்தார். முள் மெதுவாகச் சுழன்று வேறு பக்கம் போய் நின்றது. அவர் பையை என் காலடியில் வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் கரைக்குப் படகு வரவில்லை. கம்பெனி இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறது, அடுத்த வருடம். அவள் தினமும் நீந்தப் போகிறாள். இப்போது இரண்டு பக்கமும் மூச்சு வாங்குகிறாள்.

நேற்று சாப்பிடும்போது, "இந்தத் தரம் பையை எடுத்துட்டு வர மாட்டேன்" என்றேன்.

"நீங்களே வர வேண்டாங்க" என்றாள், கோபமில்லாமல். "பாட்டிலை மட்டும் நிரப்பிக் குடுங்க. கூட வர ஆளிருக்கு."