அப்பா வாங்கிய கேபினட்

பணம் ராஜவேலுடையது. பேச்சு மட்டும் அவன் மச்சான் அருள்மொழியுடையது. அதுதான் ராஜவேலுக்குப் பொறுக்கவில்லை.

பதினொன்றாவது படிக்கும் மகள் இலக்கியா, தனித்தனியாகச் சாமான் வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்டப்போவதாகச் சொன்னபோது, நாற்பதாயிரத்துக்குள் முடி என்று தலையாட்டியவன் அவன்தான். அடுத்த நிமிஷமே அவள் சிதம்பரத்திலிருக்கும் தாய்மாமனுக்குப் போன் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் மாமா புராணம். எந்த ப்ராசஸர், எவ்வளவு ரேம், எல்லாம் மாமா சொன்னபடி. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ராஜவேல் முணுமுணுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. காது குத்தும்போது குழந்தை உட்கார்ந்தது அருள்மொழி மடியில். அப்பனுக்கு மடி இல்லையா? முறை என்றார்கள். சரி, காதுக்கு முறை உண்டு. கம்ப்யூட்டருக்கு எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

ஒரு பொருளாவது தன் கையால் இருக்கட்டும் என்று, யாரையும் கேட்காமல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கேபினட் வாங்கிவிட்டான். கம்ப்யூட்டர் சாமான் எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் திருகாணி முடுக்கும் பெட்டி அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. மற்ற சாமான் வாங்க ஞாயிற்றுக்கிழமை மகளோடு சிதம்பரம் பஸ் ஏறியபோது அதையும் தூக்கிக்கொண்டான். மச்சான் பார்க்க வேண்டாமா? கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரை முறைத்துவிட்டு வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தான்.

சிதம்பரத்துக் கடையில் காத்திருந்த அருள்மொழி, தான் எடுத்துவைக்கச் சொல்லியிருந்த மதர்போர்டைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தான். மூன்று விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அழகான பொட்டி மாமா. போர்டுதான் பெருசு," என்றான். குத்தல் இல்லை, சிரிப்பு இல்லை. கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு ரெண்டு கொடுத்திருக்கலாம். "இத வச்சிட்டு வேற பொட்டி பாக்கலாமா?"

ராஜவேல் வாசலிலிருந்த தண்ணீர் கேன் பக்கம் போனான். பின்னால் மகள் குரல் தணிந்தது.

"சின்ன போர்டே எடு மாமா. அப்பா கோச்சிக்கும்."

"அதுல ரேம் போட ரெண்டே எடம்தான். நாலு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னியே."

"பரவால்ல. பாவம், மடியிலயே வச்சிகினு வந்துச்சு."

அவனுக்குச் சுருக்கென்றது. பெரிய பெட்டியே எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை ஆசைப்பட்டது கிடைத்துவிடும். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினான். சொன்னால், அந்தக் கம்ப்யூட்டரில் அவன் வாங்கியது என்று ஒரு திருகாணிகூட இருக்காது. பாவம் பார்த்துக் கொடுத்த வெற்றிதான். இருந்தாலும் அவனுக்கு அது வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் பூட்டும் வேலை நடந்தது. திருகாணி எடுத்துக் கொடுக்கலாம் என்று ராஜவேல் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அருள்மொழி வீடியோ காலில் வந்தான்.

"அப்பா, போன கொஞ்சம் தூக்கிப் புடி. மாமாவுக்குத் தெரியலயாம்."

மச்சான் முகத்தைக் கை கடுக்கக் கடுக்கத் தூக்கிப் பிடித்தான் ராஜவேல். இலக்கியா கண்ணாடிக் கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டாள். நீல விளக்கு எரிந்தது.

"பொட்டி சூப்பர் மாமா," என்றான் அருள்மொழி.

உள்ளே அந்தச் சின்ன போர்டு, அதில் ரேமுக்கிருந்த ரெண்டே இடம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கண்ணாடிப் பெட்டியாகத் தேடி வாங்கியவன் அவன்தான்.