ஹாரன் இறக்கிய பஸ்

என் சிநேகிதியை டிப்போவில் எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். வண்டியின் ஹாரனை அவள் அதிகம் தொடுவதில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் நிற்கும் வண்டி தானாக ஒதுங்கிவிடும். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டித் தேய்க்கிறவள். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்த வருஷம் எப்படியோ பன்னிரண்டு நாள் கிடைத்தது. ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பெரிய தீவைப் பஸ்ஸிலும் நடையிலுமாகக் கடந்து, கப்பலேறி, எதிரே இருக்கும் சின்னத் தீவின் கடைசி முனைவரை போவது என்று திட்டம்.

அவளுடைய பையில் இரண்டு செட் துணியும் ஒரு மழைக்கோட்டும்தான். என் பையில் மூன்று ஜோடி செருப்பு, பிளாஸ்க், போதாக்குறைக்கு ஒரு குட்டி இஸ்திரிப் பெட்டி.

“இஸ்திரிப் பெட்டி எதுக்குடி? கடல் அலையை எல்லாம் மடிப்புக் கலைச்சு தேய்க்கப் போறியா?” என்று முதல் நாளே கேட்டாள்.

நான்காம் நாள் மலையைத் தாண்டி இறங்கும் பஸ்ஸில் இருந்தோம். இறங்கினால் துறைமுகம். நாலு மணிக்குக் கப்பல். அதை விட்டால் மறுநாள்தான். உச்சியில் ஒரு டீக்கடை முன்னால் பஸ் நின்றது. எனக்குக் குளிர் தாங்கவில்லை. பையில் ஸ்வெட்டர் இருக்கிறது, எடுத்துத் தர முடியுமா என்று டிரைவரிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். இறங்கிப்போய், பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் அறையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, குனிந்து, என் பையை ஒரே இழுப்பாக இழுத்தார். “அம்மா!” என்று ஒரு சத்தம். குனிந்தவர் நிமிரவில்லை.

நானும் ஹாரனும் கைத்தாங்கலாகப் பிடித்து டீக்கடைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். இடுப்புப் பிடித்துக்கொண்டது. காலை அசைத்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. டீக்கடைக்காரர் தன் கடை போனில் டிப்போவைப் பிடித்தார். வேறு டிரைவர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்போது மணி ஒன்றே முக்கால்.

பஸ்ஸில் இருபத்தாறு பேர். ஒவ்வொருவரும் முணுமுணுத்தார்கள். ஒரு தகப்பன் மட்டும் கைக்கடிகாரத்தையே பார்த்தபடி, ஆறு வயது மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹாரன்தான் போய் விசாரித்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்னத் தீவின் ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் காது ஆபரேஷன். அந்தத் தேதிக்காக ஏழு மாதம் காத்திருந்தார்களாம்.

“இன்னிக்கு விட்டா மறுபடி எப்போ தருவாங்கன்னு தெரியலக்கா” என்றான்.

ஹாரன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராக டிரைவரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். அவள் குரல் தணிந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு போனை வாங்கி, டிப்போ மேனேஜரிடம் தன் லைசென்ஸ் நம்பரைச் சொன்னாள். அந்தப் பக்கம் நீண்ட கேள்விகள். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். கடைசியில் போனை டிரைவரின் காதில் வைத்தாள்.

“நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன் சார். பொறுப்பு என்னோடது” என்றார் அவர்.

உடனே ஓடிப்போய் சீட்டில் ஏறுவாள் என்று நினைத்தேன். இல்லை. பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தாள். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாள். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பி, எஞ்சினைப் போட்டுவிட்டு பிரேக்கின் காற்றழுத்தம் காட்டும் முள் ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். டிரைவரை முன் சீட்டில் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்த்திருந்தோம்.

“வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்ணே?”

“இடது பக்கம், லேசா. மூணாவது கியர் அடம் பிடிக்கும், கொஞ்சம் கெஞ்சணும்.”

“இந்தம்மாவா ஓட்டப் போறாங்க?” என்று பின்னாலிருந்து ஒரு தொப்பிக்காரர் கேட்டார்.

“பஸ்ஸுக்கு அதெல்லாம் தெரியாது சார். நீங்களும் சொல்லிடாதீங்க” என்றாள் ஹாரன். பஸ்ஸே சிரித்தது. தொப்பிக்காரரும் சிரித்துவிட்டார்.

முப்பது வருஷப் பழக்கம். ஆனால் அவள் ஓட்டும் பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. என் கடை ஒரு திசை, அவள் ரூட் வேறு திசை. முதல் தடவையாக இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டாவது கியரிலேயே எஞ்சின் உறுமிக்கொண்டு பஸ் இறங்கியது. பிரேக்கில் அவள் கால் எப்போதாவதுதான் பட்டது. டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் “அடுத்தது வலது, குறுகல்” என்பார். அவள் “சரிண்ணே” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. வாய் ஓயாத அந்தப் பெண்ணா இவள் என்றிருந்தது.

பாதி மலையில் மூடுபனி கவிந்தது. ஒரு வளைவில் திரும்பினால், எதிரே பெரிய பெரிய மரத்தடிகளை ஏற்றிய லாரி. பின்னால் தொங்கலாக இன்னொரு பெட்டி வேறு. அதனால் பின்வாங்க வழியே இல்லை. ஒதுங்க இடம் எங்களுக்குப் பின்னால், வளைவுக்கு மேலே. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெள்ளையாகப் பனி. அதன் கீழே என்ன என்று பார்க்க யாருக்கும் ஆசையில்லை.

ஹாரன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இறங்குடி. பின்னால போய் நில்லு.”

“நானா? எனக்கு என்னடி தெரியும் வண்டியைப் பத்தி?”

“வண்டியைப் பத்தி எனக்குத் தெரியும். அரை மில்லி தப்புன்னா உன் கண்ணுக்குத் தெரியும். விளிம்புக்கும் டயருக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு மட்டும் சொல்லு. தட்டிக்கிட்டே இரு, நான் வருவேன். தட்டறதை நிறுத்தினா நான் நிறுத்திடுவேன்.”

இறங்கினேன். தொப்பிக்காரரும் கூட இறங்கி, கற்களைத் தூக்கித் தயாராக நின்றார், டயருக்கு முட்டுக்கொடுக்க. நான் பஸ்ஸின் முதுகில் தட்டினேன். பஸ் ஒரு அடி பின்னால் ஏறியது. தட்டினேன். இன்னொரு அடி. விளிம்பில் புல் நனைந்து வழுக்கலாக இருந்தது. ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு சாண். நான் கையை எடுத்தேன். அந்த நொடியே பஸ் கல்லாக நின்றது. “நாலு விரக்கடை பாறைப் பக்கம்!” என்று கத்தினேன். சரியாக நாலு விரல் அகலம்தான் நகர்ந்தது. ஐந்தாகவும் இல்லை, மூன்றாகவும் இல்லை. கடையில் மெஷின்கூட எனக்கு அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை.

ஒதுங்கி நின்றதும் லாரி உரசாமல் எங்களைக் கடந்தது. லாரி டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். நான் உள்ளே ஏறியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு குலுக்கல்கூட அதை எழுப்பவில்லை.

மூன்று நாற்பதுக்குத் துறைமுகம். டிரைவரை அழைத்துப்போக ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் படுத்தபடியே ஹாரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, முதல் தடவைன்னு சத்தியம் பண்ணினாலும் எவனும் நம்ப மாட்டான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கப்பலின் மேல்தளத்தில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

“முதல் தடவைன்னா?”

“என் ரூட்ல இருக்கிற பெரிய மேடு ரயில்வே பாலம்தான். மலைரோடு ட்ரெயினிங்ல ஒரு வாரம் ஓட்டினேன், அதுவும் காலி வண்டி. அவர்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் மறைக்காம சொல்லிட்டேன். வளைவுக்கு வளைவு நீங்க சொல்லுங்க, நான் ஓட்டறேன், முடியாதுன்னு தோணினா அங்கேயே நிறுத்திடறேன்னு கேட்டுக்கிட்டேன்.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா அந்த விளிம்புல உன் கண்ணு அளந்திருக்குமா, அழுதிருக்குமா?”

அவள் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தேன். ஸ்டீயரிங் பிடித்த இடமெல்லாம் சிவந்து கன்றியிருந்தது. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். இரண்டே நிமிஷத்தில் குறட்டை. வெயில் அவள் முகத்தில் விழாமல் நான் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சின்னத் தீவு நெருங்கியபோது அந்தத் தகப்பன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டினான். குழந்தை மட்டும் தூங்குகிறவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. காது சரியாகக் கேட்காததால் கொஞ்சம் உரக்கவே பேசியது.

“இந்த அத்தைதான் பஸ்ஸா?”

“ஆமா கண்ணு” என்றேன் நானும் உரக்க. “இந்த அத்தையேதான்.”