முந்திப் போன செய்தி

அப்பாவின் காய்ந்த உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது மகளின் போன் அடித்தது. எடுத்ததுமே சித்தி ஓவென்று அழுதாள்.

“இப்படிப் போயிட்டாரேடி! உயிரு எப்போ போச்சு?”

“யாருக்கு?”

“உங்கப்பாவுக்குத்தான்! உன் தம்பி சேனல்ல வந்துருக்கே!”

அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. “இருக்காரு சித்தி, நல்லா மூச்சு விடுறாரு” என்று வைத்துவிட்டுக் கூடத்துக்குப் பாய்ந்தாள்.

தம்பி சோபாவில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். இருபது வருஷம் பத்திரிகை நிருபர். மூன்று பேரிடம் விசாரிக்காமல் ஒரு சாவுச் செய்தியை எழுத மாட்டான். பத்திரிகையை மூடினார்கள், வயிறு கேட்குமா? யூடியூபில் சேனல் ஆரம்பித்தான். அதை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதற்காக இப்படியா? பந்திக்கு முந்தலாம், பாடைக்குமா முந்துவது!

“டாக்டர் காலைக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னாருக்கா. அஞ்சலி வீடியோவ ரெடி பண்ணி டைம் செட் பண்ணியிருந்தேன். தள்ளி வைக்க மறந்துட்டேன்.”

“பெத்த அப்பனுக்கு டைம் செட் பண்ணுவியாடா, பாவி? எடுடா அத!”

“எடுத்தா பொய்ச் செய்தி போட்டான்னு நாறடிச்சிருவாங்க. அப்புறம் யாரு என்னை நம்புவா? என் பொழப்பே போயிரும். எப்படியும் சாயங்காலத்துக்குள்ள...”

“சாயங்காலத்துக்குள்ள என்ன? வாயத் தெறந்து சொல்லு பார்ப்போம்!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது. கட்டை விரல் மட்டும் போனில் வந்த அனுதாபங்களைத் தள்ளிக்கொண்டே போனது. அந்த விரலை ஒடித்துப் போடலாம் போல அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே அப்பா ஈனசுரத்தில் கேட்டார். “யாருக்கு... என்னாச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. நீங்க தூங்குங்க.”

அன்று முழுக்க அவளுக்கு அதே வேலை. “இருக்காரு, உயிரோடதான் இருக்காரு” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. ஒரு பெரியப்பா, மாலை வாங்கிவிட்டதாகக் கோபித்துக்கொண்டார். சாயங்காலம் வந்தது, போனது. வீடியோ அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம், அவள் கையைப் பிடித்தபடியே அப்பா அடங்கினார். தம்பி அப்பாவின் காலடியில் விழுந்து குழந்தை மாதிரி அழுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியை அழைத்தாள்.

“அப்பா போயிட்டாரு சித்தி.”



“இந்தத் தடவ நெசந்தானாடி? நல்லாப் பாத்தியா?”

“நீயே சொல்லுடா” என்று அவள் போனைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். “ஹலோ, ஹலோ” என்று சித்தி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.