ஒரு சாண் கடல்

உடுப்பிட்டிக் கஜானியைக் கடல் ஒரு சாணுக்கு மேலே உள்ளே எடுப்பதில்லை. குதித்தாலும் தலைகீழாகப் பாய்ந்தாலும் ஒரு சாண் ஆழத்தில் தண்ணீர் அவளைத் தாங்கிப் பிடித்துத் திருப்பி மேலே வைத்துவிடும். காரணம், அவளுடைய தாய் குணலட்சுமி வல்லிபுரத்து ஆழ்வார் என்கிற பெருமாளுக்கு வைத்த நேர்த்தி. கஜானிக்கு ஏழு வயதாக இருந்தபோது, மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, தகப்பன் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்கு மீன் வாங்கப் போனார். அன்றைக்குத்தான் சுனாமி வந்தது. பிள்ளை ஒரு பூவரச மரக் கவட்டில் கிடைத்தாள். தகப்பன் கிடைக்கவேயில்லை. ஈரம் காயாத பிள்ளையை இழுத்துக்கொண்டு குணலட்சுமி நேரே கோயிலுக்குப் போனாள். "இனி இந்தக் கடல் என்ரை பிள்ளையை ஒரு சாணுக்கு மேலை உள்ளுக்கு எடுக்கக் கூடாது. நான் இனி மீன் தொடமாட்டன்" என்று நேர்த்தி வைத்தாள். சொன்னபடி அந்த வீட்டு அடுப்பில் பிறகு மீன்சட்டி ஏறவில்லை. ஆழ்வாரும் தன் பக்கத்தில் குறை வைக்கவில்லை.

வெகுகாலம் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது. கடல் சைக்கிளில் போய்வரும் தூரம்தான் என்றாலும், வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற குடும்பங்கள் அந்தப் பக்கம் சும்மா போவதில்லை. கஜானி படித்து, பருத்தித்துறையில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த நாட்களில்தான் கொலின்ஸ் என்ற மனிதர், ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்களை நம்பி, கடலடி காட்டும் தொழிலைத் தொடங்கியிருந்தார். சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கிப் பழகிய ஆள். சோதனை ஓட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டதால், வங்கிப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காசில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். கஜானி கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். அவ்வளவுதான், அவளுடைய சீவியம் மாறிப்போனது.

கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கடல் முரட்டுக் கடல். பவளப்பாறையான முருகைக்கல்லில் மோதி நுரை கக்கும், வள்ளத்தைத் தூக்கி எறியும். உள்ளே அப்படியொரு அமைதி. ஊதாவும் மஞ்சளுமாக முருகைக்கற்கள் புதர்புதராக நின்றன. கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கிற சத்தம், பக்கத்து வீட்டில் முறுக்குக் கடிப்பதைப் போலத் தெளிவாகக் கேட்டது. ஒரு ஆமை அவளைப் பார்த்துவிட்டு, வேலையிருக்கிறது என்பதுபோலக் கீழே இறங்கி, ஒரு கல்லின் இடுக்குக்குள் போய் மறைந்தது. அந்த இடுக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கஜானிக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கொலின்ஸ் கையைக் காட்டிவிட்டுக் கீழே போனார். அவள் பின்னாலே பாய்ந்தாள். தண்ணீர் அவளைத் திருப்பி மேலே வைத்தது.

கஜானி விடுகிற பிறவியில்லை. அடுத்த ஞாயிறு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்தாள், மிதந்தாள். கொலின்ஸ் தன்னிடமிருந்த ஈயப் பட்டிகளை எல்லாம் அவளுடைய இடுப்பில் கட்டினார். ஈயமும் சேர்ந்து மிதந்தது. நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். நங்கூரம் மேலே வந்துவிட்டது. கொலின்ஸ் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர், நேர்த்தி விஷயம் அவருக்குத் தெரியாது. கஜானிக்கும் அது நினைவில்லை. "தங்கச்சி, உமக்கு உடம்பிலை ஏதோ குறை. கொழும்பிலை காட்டும்" என்றார். கடைசியில் அவள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து முதுகில் கட்டிக்கொண்டு குதித்தாள். மெசின் மிதந்தபடி கரையொதுங்கியது. இதைக் கண்ட மீன்பிடிகாரர் சிலர் தலையைச் சொறிந்துவிட்டு வலையைப் பார்க்கப் போனார்கள்.

வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடியதால்தான் குணலட்சுமிக்கு விஷயம் தெரியவந்தது. மெசின் எங்கே என்று தொடங்கிய கதை கடலில் போய் நின்றது. குணலட்சுமி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். பிறகு, "கொப்பாவைத் தேடிப் போறியோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. அப்பாவைத் தேடேல்லை. எனக்குக் கீழை போய்ப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

தகப்பனைத் தேடுகிறாள் என்றால் குணலட்சுமி அழுது தீர்த்திருப்பாள். சும்மா பார்க்கப் போகிறேன் என்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நேர்த்தியைச் சொன்னாள், அதை விடமாட்டேன் என்றும் சொன்னாள். கஜானி சண்டை பிடிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் போய்க் கடலின்மேல் குப்புறக் கிடந்தாள். முதுகு கறுத்து உரிந்தது. இரண்டு கலியாணப் பேச்சு அதனால் குழம்பியது. அவள் அசையவில்லை. தாயும் அசையவில்லை. அப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு ஞாயிறு காலை குணலட்சுமி நல்ல சேலை உடுத்து, கைப்பையும் குடையுமாக வாசலில் நின்றாள். "மாப்பிள்ளை வீடு பாக்காமல் ஆராவது பொம்பிளை குடுப்பினமோ? நட" என்றாள். சுனாமிக்குப் பிறகு அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல்தடவை. வள்ளத்தில் ஏறும்போதும் குடையை விடவில்லை. கொலின்ஸ் கண்ணாடியை மாட்டிவிட்டார். வள்ளத்து விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தை உள்ளே வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. கொலின்ஸ் பயந்துபோய்த் தோளைத் தொட்ட பிறகே நிமிர்ந்தாள்.

"இடம் நல்ல இடம்தான் தம்பி," என்றாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி. "இந்தக் கடல் மாப்பிள்ளையைத்தான் நான் நம்பமாட்டன். அவள் கீழை போனால் மேலை ஒருத்தர் இருக்கவேணும்."

அந்தப் புரட்டாதியில் ஆழ்வார் கடலாடும் வல்லிபுரத்துக் கடல் தீர்த்தம் வந்தது. வடமராட்சியே கூடி நின்ற மணலில் குணலட்சுமி சனத்தை விலக்கிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆழ்வாரோடு உரக்கவே கதைத்தாள். "பிள்ளையை உள்ளுக்கு விடு. அவளுக்குத் தந்ததை எனக்குத் தா. அவள் ஏறி வருமட்டும் நான் மேலை இருப்பன். மீன் விஷயம் பழையபடிதான்." சொல்லி முடித்து முழுகக் குனிந்தாள். கடல் அவளைத் தூக்கி மேலே வைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவளுக்கு இடம்விட்டு விலகி முழுகினார்கள்.

மாரி கழிந்து கடல் அடங்கியதும் கஜானி இறங்கினாள். இந்தமுறை தண்ணீர் அவளுக்கு வழிவிட்டது. மூக்கைப் பிடித்துக் காதைச் சமன்செய்துகொண்டு, கல்லைத் தாண்டி, ஆமை போன இடுக்கு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். பின்னால் இன்னொரு வெளி இருந்தது, அங்கேயும் கற்கள், அதற்கப்பாலும் நீலம். கண்ணாடிக்குள்ளே அழுகை வந்தது. அப்பாவின் நினைவும் வந்தது, தேடாமலே. மேலே, குணலட்சுமி வள்ளத்திலிருந்து இறங்கிக் கடலின்மேல் பாயில் இருப்பதுபோல இருந்து, குடையை விரித்து, சுளகில் முருங்கையிலை ஆய்ந்தாள்.

இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. கொலின்ஸ் மிதவை போடுவதை விட்டுவிட்டார். குடை தெரிகிற இடத்தில் ஆட்கள் கீழே இருக்கிறார்கள் என்று வள்ளங்கள் சுற்றிப்போகும். கடற்படையினர் ஒருமுறை வந்து விசாரித்து, அவள் கொடுத்த வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இலை ஆய்ந்து முடிந்ததும் குணலட்சுமி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, அந்த ஒரு சாணுக்குள் முகத்தை வைத்துக் கீழே பார்ப்பாள். கஜானி அண்ணாந்து பார்ப்பாள். நடுவில் மீன்கள் போய்வரும். மேலே வா என்பதற்குப் பெருவிரலை உயர்த்த வேண்டும் என்று கொலின்ஸ் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்தும் குணலட்சுமிக்கு அது வரவில்லை. அவள் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவாள், சாப்பிட வா என்று. அங்கே மூழ்கப் பழகுகிறவர்கள் இன்றைக்கும் அந்தச் சைகையைக் கண்டுதான் மேலே ஏறுகிறார்கள்.