பேசாதவர்களின் பேச்சுவார்த்தை

வெல்டோரா, நாக்ஸ்பீல் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் ஒன்றாகிவிடும் போலிருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும் தர்மசந்திரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் அனுபமா வெல்டோராவின் பெங்களூர் அலுவலகத்தில் இருந்தாள். இரண்டு கம்பெனி ஒன்றானால், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டிவியில் ஒருவர் சொன்னார். சொன்னவர் கோட் போட்டிருந்ததால் தர்மசந்திரன் நம்பினார்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் அவர்கள் வீடு. மாடி அறைகளை அவர் மனைவி கனகலதா வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். தமிழ்ச் சமணர்களான நயினார் வீடு என்பதால் சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது. பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். தியானத்துக்கு வருகிறவர்கள் இதெல்லாம் தங்களுக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். கனகலதா மறுத்ததில்லை.

அந்தச் சமயத்தில் இரண்டு பேர் மௌன விரதத்தில் இருந்தார்கள். ஒருவர் உயரமான நார்வேக்காரர். இன்னொருவர் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் அம்மாள். மௌனம் என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையை இருவரும் சட்டையில் குத்தியிருந்தார்கள். ஒருநாள் காலை இட்லி பரிமாறும்போது தர்மசந்திரன் கவனித்தார். நார்வேக்காரரின் டி-ஷர்ட்டில் நாக்ஸ்பீல் முத்திரை. எதிரே, அந்த அம்மாளின் கைக்குப் பக்கத்தில், வெல்டோரா முத்திரை போட்ட தண்ணீர் பாட்டில். நார்வேக்காரர் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தலையசைத்தாள்.

தர்மசந்திரன் சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“லதா, பேச்சுவார்த்தை நம்ம வீட்லதான் நடக்குது.”

“அவங்க ரெண்டு பேரும் பேசறதே இல்லீங்களே.”

“வெளிய தெரியக் கூடாதுன்னுதான்.”

கனகலதா அடுத்த ஈடு இட்லியை இறக்கப் போய்விட்டாள்.

பே கோபுரத் தெருவில் இளவரசன் என்பவர் செல்போன் கடை வைத்திருந்தார். பங்குச்சந்தை பற்றி யூடியூபில் வீடியோவும் போடுவார். தர்மசந்திரன் ரீசார்ஜ் செய்யப் போகிறவர்போல் அங்கே போய் விஷயத்தைச் சொன்னார்.

“ரெண்டு பேரும் என்ன பதவி சார்?” என்று இளவரசன் கேட்டார்.

“தெரியல. ஆனா பெரிய பதவியாத்தான் இருக்கணும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நானும் பாக்கறேன், செல்போனையே தொடறதில்ல. சின்ன பதவியில இருக்கறவன் அப்படி இருக்க முடியுமா?”

இளவரசனுக்கு இது நியாயமாகப் பட்டது. மலை தெரியும்படி நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். தர்மசந்திரனின் பெயரைச் சொல்லாமல், நம்பத் தகுந்த வட்டாரம் என்றார். அதை யாரோ ஆங்கிலத்தில் எழுத, அதைப் பார்த்து ஒரு வணிகச் செய்தித் தளம், தென்னிந்தியக் கோயில் நகரத்தில் உயர்மட்டப் பேச்சு என்று போட்டது. வெல்டோராவிடம் கேட்டதற்கு, வதந்திகளுக்குப் பதில் சொல்வதில்லை என்றார்கள். அப்படியானால் உண்மைதான் என்று எல்லோரும் முடிவுசெய்தார்கள். அதுவரை கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்த தர்மசந்திரனும் முடிவுசெய்தார்.

அன்று சாயங்காலம் அனுபமா போன் செய்தாள்.

“அப்பா, இங்க யாருக்கும் வேலையே ஓடல. நம்ம ஊர்ல ஏதோ கெஸ்ட் ஹவுஸ்ல பேசி முடிச்சிட்டாங்களாம். எங்க மேனேஜர் தனியாக் கூப்பிட்டு, உங்க ஊராச்சே, ஏதாவது தெரியுமான்னு கேக்கறாரு. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கப்பா.”

“விசாரிக்கிறேம்மா.”

போனை வைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். மகளுக்கு இருந்த பயம் தன்னிடமிருந்து கிளம்பிப் போனது என்பது மெல்ல உறைத்தது. வேறு யாராவது கிளப்பியிருந்தால் அந்த ஆளைத் தேடிப் போய்த் திட்டியிருப்பார்.

மறுநாள் பௌர்ணமி. நார்வேக்காரர் மௌனத்தை முடித்து, அட்டையைக் கழற்றிக்கொண்டு தர்மசந்திரனிடம் வந்தார். வந்த நாளிலிருந்து தன் அறை ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். தர்மசந்திரன் ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறினார். இறுக்கிக்கொண்டே, நாக்ஸ்பீலில் என்னவாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். நார்வேக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அதைத் தேரடித் தெருவில் பிளாட்பாரக் கடையில் வாங்கியதாகவும், தான் மாட்டு டாக்டர் என்றும் சொன்னார்.

தர்மசந்திரன் இறங்கி நேராகச் சமையலறைக்குப் போனார்.

“அந்தம்மா வச்சிருக்குதே, அந்த பாட்டில்?”

“நம்ம அனுவோடதுங்க. பொங்கலுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போனா. இவங்களோடது உடைஞ்சிடுச்சுன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்க பாட்டிலைப் பத்திக் கேக்கவே இல்லையே.”

மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா” என்றாள் அவள். “அம்மாகிட்ட குடுங்க.”

இளவரசனிடம் போய் வீடியோவை எடுத்துவிடச் சொன்னார். முடியாது, ஆனால் திருத்தம் போடலாம் என்றார் இளவரசன். பேச்சுவார்த்தை முறிந்தது என்று அடுத்த வீடியோ வந்தது. அதையும் யாரோ ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

இதற்குள் அனுபமா பயத்தில் நாலைந்து இடங்களுக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். சென்னையில் ஒரு சிறிய கம்பெனி கூப்பிட்டது. சம்பளம் கொஞ்சம் கம்மிதான்; ஆனாலும் பயம் முழுதாகப் போகாததால் போய்ச் சேர்ந்துவிட்டாள். வெல்டோரா யாரோடும் சேரவில்லை. யாரோடும் சேராமலே, அவள் வேலை பார்த்த பிரிவை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. பழைய மேனேஜர் அவளுக்குப் போன் செய்தார்.

“உனக்கு மட்டும் எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?”

“ஊர்ல பேசிக்கிட்டாங்க சார்” என்றாள்.

அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் இரண்டு பிள்ளைகள் இருப்பது அவளுக்குத் தெரியும். இங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது, விவரத்தை அனுப்பி வையுங்கள் சார், நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள்.